மதுரையைப் பாட்டு வழியே நடந்து பார்க்க: எங்கே, எப்போது, எந்த வரியோடு

நீங்கள் கேட்டது இது: குடும்பத்தோடு இரண்டு நாள் மதுரைக்கு வருகிறீர்கள். மீனாட்சி கோயிலும் திருமலை நாயக்கர் மஹாலும் பார்ப்பதோடு நிற்காமல், ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு பழைய பாடல்களில் வரும் மதுரையை நடந்தே பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது, எந்தப் பாட்டைக் கையில் வைத்துக்கொள்வது, வழியில் சொல்லப்படும் கதைகளில் எதை வரலாறாக எடுத்துக்கொள்வது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை, அன்றைய இரவின் முன்பாதி, மறுநாள் விடியல்: இந்த மூன்று பொழுதும் உங்கள் நடையில் இருக்கவேண்டும். ஒரே காலைப்பொழுதில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பொழுதில் ஐந்தாறு இடங்களுக்கு மேல் நிற்க வேண்டாம். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். வழிகாட்டி கதையைத் தொடங்குவதற்கு முன்பே பாட்டு உங்கள் காதில் விழுந்துவிட வேண்டும். பல ஆண்டுகளாக நண்பர்களையும் மாணவர்களையும் இந்தத் தெருக்களில் அழைத்துப்போகிறவன் நான். கதை முன்னால் வந்துவிட்டால் அதற்கப்புறம் பாட்டு யார் காதிலும் ஏறுவதில்லை.

ஏன் பொழுதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்? மதுரைக்கு முதல் வழிகாட்டி மாங்குடி மருதனார்தான். அவருடைய மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உலகத்தின் நிலையாமையை உணர்த்துவதற்காகப் பாடியது. ஆனால் பாட்டின் பெரும்பகுதியில் புலவர் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். பகலில் நாளங்காடி, பொழுது சாய்ந்ததும் அல்லங்காடி, பிறகு யாமம் யாமமாக இரவு, கடைசியில் விடியல். ஒரு முழு நாள் நம்மைக் கூடவே நடத்திக்கொண்டு போகிறார். ஊரை எந்த வரிசையில் பார்க்கவேண்டும் என்பதை அவரே வகுத்து வைத்துவிட்டார். நாம் அவர் பின்னால் போனால் போதும்.

அந்தப் புலவருக்கும் அரசனுக்கும் இருந்த உறவைத் தெரிந்துகொண்டு நடந்தால் இன்னும் நன்றாக இருக்கும். புறநானூற்றின் 72-ஆம் பாட்டு நெடுஞ்செழியனே பாடியது. சிறு வயதில் அரசுக்கு வந்தவன். பகைவர்கள் கூடிக்கொண்டு தன்னை இளையவன் என்று எள்ளியதைக் கேட்டுச் சினந்து வஞ்சினம் கூறுகிறான். அவர்களை வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும் என்கிறான். அடுத்து, ‘மாங்குடி மருதன் தலைவனாக… புலவர் பாடாது வரைக என் நிலவரை’ என்கிறான். புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விட்டுப் போகட்டும் என்பதை ஓர் அரசன் தனக்குத் தானே இட்டுக்கொள்கிற சாபமாகச் சொல்கிறான். இந்த ஒரு பாட்டை மட்டும் வீட்டிலேயே எல்லோருமாகப் படித்துவிட்டு வண்டியேறுங்கள்.

சரி, நடைக்கு வருவோம். முதல் நாள் மாலை வெயில் தாழ்ந்ததும் வைகையில் தொடங்குங்கள். கோரிப்பாளையத்துப் பக்கமிருந்து ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தில் ஏறித் தெற்கே யானைக்கல்லை நோக்கி நடக்கலாம். இந்தப் பாலம் திறக்கப்பட்டது 1889-இல். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்ததும் அதே 1889-இல்தான். ஓலையில் கிடந்த மதுரைக்காஞ்சி புத்தகமாக எல்லோர் கைக்கும் வந்த ஆண்டும், வடகரையையும் தென்கரையையும் இந்தப் பாலம் இணைத்த ஆண்டும் ஒன்று. தற்செயல்தான். ஆனாலும் பாலத்தின் மேல் நிற்கும்போது அது என் நினைவுக்கு வராமல் போவதில்லை.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வடக்கேயிருந்து வந்து வைகையைக் கடக்கிற இடம் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் இருக்கிறது. பாலத்தின் நடுவில் ஓரமாக நின்று அதைப் படியுங்கள். ‘வையை என்ற பொய்யாக் குலக்கொடி’ என்று இளங்கோவடிகள் ஆற்றை ஒரு பெண்ணாக அழைக்கிறார். கண்ணகிக்கு வரப்போவதை அவள் முன்னமே அறிந்துவிட்டாளாம். அதனால் பூக்களை ஆடையாகப் போர்த்திக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை வெளியே காட்டாமல் அடக்கிக்கொண்டு ஓடுகிறாள். வந்தவர்களோ ‘புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு’ என்று வியந்து வாழ்த்துகிறார்கள். பெருந்துறைப் பக்கம் போகாமல் ‘மரப்புணை போகித் தேமலர் நறும்பொழில் தென்கரை எய்தி’ இறங்குகிறார்கள். தென்கரையில் மதில்மேல் பறக்கும் கொடிகள் ‘வாரல் என்பன போல் மறித்துக் கை காட்ட’, அது தெரியாமல் ஊர்ப்புறம் நோக்கிப் போகிறார்கள்.

இன்று வைகையில் பெரும்பாலான மாதங்களில் நீர் இருக்காது. அதைப் பார்த்து முகம் வாடிப்போகாதீர்கள். பாலத்தில் நின்று இந்த வரிகளைப் படித்துவிட்டுத் தெற்கே பாருங்கள். எதிரே கோபுரங்கள் தெரியும். ஆறு அழுகிறது, கொடி தடுக்கிறது, வருகிற இருவர் மட்டும் மகிழ்ச்சியாக வருகிறார்கள். சிலப்பதிகாரத்தில் இதைவிட மனத்தைப் பிசைகிற இடம் வழக்குரை காதைகூட இல்லை என்பது என் கருத்து. ‘தேரா மன்னா’ எல்லோருக்கும் தெரியும். இந்தக் கொடிகளைத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆற்றங்கரையில் நிற்கும்போதே திருவாசகத்திலிருந்து ஒரு பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைகையில் வெள்ளம் வந்து கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதும், வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் பிட்டை வாங்கிக்கொண்டு மண் சுமந்ததும், பிரம்படி பட்டதும் மதுரையில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும் கதை. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அது நடத்திக்காட்டப்படுகிறது. அந்தக் கதையைத் திருவம்மானையில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார் மாணிக்கவாசகர்:

கண்சுமந்த நெற்றிக் கடவுள் கலிமதுரை
மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு
புண்சுமந்த பொன்மேனி பாடுதுங்காண் அம்மானாய்

பண், பெண், விண், கண், மண், புண் என்று ஒவ்வொரு அடியிலும் ‘சுமந்து’ திரும்பத் திரும்ப வருவதைக் கேட்க முழுப் பாட்டையும் படிக்கவேண்டும். ஆறே அடிதான். அம்மானை ஆடும் பெண்களின் பாட்டு என்பதால் குழந்தைகளுக்கும் சுலபமாக வாயில் ஏறும்.

பாலம் இறங்கினால் யானைக்கல், சிம்மக்கல். இங்கே செல்லத்தம்மன் கோயிலுக்குள் கண்ணகிக்கு ஒரு சன்னதி இருக்கிறது. சிறிய கோயில், சத்தமில்லாமல் போய்வரவேண்டிய இடம். ஊரை எரிக்கும்போது தீயிடம் கண்ணகி யார் யாரை விட்டுவிடச் சொன்னாள் என்பதை இங்கே படிக்கலாம்: ‘பார்ப்பார் அறவோர் பசுப்பத் தினிப்பெண்டிர் மூத்தோர் குழவி எனுமிவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க’. தன் ஊரை எரித்தவளுக்கு அதே ஊர் ஒரு சன்னதி வைத்திருக்கிறது. இதைப் பற்றி உங்கள் வழிகாட்டி என்ன நினைக்கிறார் என்று கேட்டுப்பாருங்கள். அவரவர் சொல்கிற பதிலில் ஊரைப் பற்றி நிறையத் தெரியும்.

சிம்மக்கல்லை ஒட்டியே தமிழ்ச் சங்கம் சாலை. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் இங்கேதான். சொற்பொழிவுக்காக வந்த இடத்தில் கம்பராமாயணமும் திருக்குறளும் தேடிக் கிடைக்காமல் போன வருத்தத்தில்தான் அதைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். செந்தமிழ் இதழும் அந்தச் சங்கம் வெளியிட்டதுதான். பழைய நூல்கள் பல அந்த இதழ் வழியாக வெளிச்சத்துக்கு வந்தன. அருகிலேயே வடக்கு வெளி வீதியில் சேதுபதி பள்ளி. 1904-இல் சில மாதங்கள் பாரதியார் இங்கே தமிழாசிரியராக இருந்தார். அச்சேறிய அவருடைய முதல் பாட்டு ‘தனிமை இரக்கம்’ அதே ஆண்டு மதுரையில் விவேகபாநு இதழில் வந்தது. அந்தப் பாட்டில் பிற்காலத்துப் பாரதியின் எளிமை இருக்காது. கடினமான பழந்தமிழ் நடை. பள்ளி வாசலில் நின்று நாலு வரி படித்தால், இங்கிருந்து அவர் எவ்வளவு தூரம் போனார் என்பது புரியும். இந்த இரண்டு இடத்திலும் அதிக நேரம் வேண்டாம். இருட்டுவதற்குள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குப் போய்விடவேண்டும்.

இப்போது விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். ஆவணி மூல வீதிகளிலும் மாசி வீதிகளிலும் நடப்பதுதான் இந்த நடையின் உயிர் என்பேன். ‘யாறு கிடந்தன்ன அகல்நெடுந் தெருவில்’ என்கிறது மதுரைக்காஞ்சி. ஆறு படுத்துக் கிடப்பதைப் போன்ற அகன்ற நீண்ட தெரு. நக்கீரரும் நெடுநல்வாடையில் மூதூர்த் தெருவுக்கு இதையே சொல்கிறார். இந்த உவமை அக்காலத்தில் எவ்வளவு பேர் வாயில் புழங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மாசி வீதியில் சித்திரைத் தேரோட்டத்தன்று இரு கரை நிறைய ஆட்கள் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிக்கு உரை தேவைப்படாது. மற்ற நாட்களிலும் ஏழு மணிக்கு மேல் ஒரு கடைப்படியில் ஏறி நின்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைத் தெரு. இங்கே நின்று இந்த வரிகளைப் படியுங்கள்:

கோடுபோழ் கடைநரும் திருமணி குயினரும்
சூடுறு நன்பொன் சுடரிழை புனைநரும்
பொன்உரை காண்மரும் கலிங்கம் பகர்நரும்
செம்புநிறை கொண்மரும் வம்புநிறை முடிநரும்

சங்கை அறுத்து வளையல் கடைகிறவர்கள், மணிகளில் துளையிடுகிறவர்கள், சுட்ட பொன்னில் நகை செய்கிறவர்கள், பொன்னை உரைத்துப் பார்க்கிறவர்கள், துணி விற்கிறவர்கள், செம்பை நிறுத்து வாங்குகிறவர்கள். மருதனார் அலங்காரமாக எதையும் சேர்க்கவில்லை, பார்த்தவர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இந்தத் தெருவின் பழைய கடைகளில் பழைய நகையை மாற்ற யாராவது வந்திருந்தால் சற்று நின்று பாருங்கள். கறுப்பான உரைகல்லை மேசையடியிலிருந்து எடுப்பார்கள். நகையின் ஓரத்தை அதில் ஒரு இழு இழுப்பார்கள். மஞ்சளாக ஒரு கோடு விழும். அதன் பக்கத்திலேயே தரம் தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. பிறகு அமிலத்தை ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, எந்தக் கோடு மங்குகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். இயந்திரங்கள் வந்தபிறகு இது குறைந்துவிட்டது. இருந்தாலும் மறையவில்லை. ‘பொன் உரை காண்மர்’ என்ற இரண்டு மூன்று சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த உரையிலும் கிடைக்காது.

இங்கேயே இன்னொன்றும் சொல்லவேண்டும். சங்கப் புலவர் பெயர்களில் ‘மதுரை’ என்று தொடங்குபவை ஏராளம். அந்தப் பெயர்களோடு தொழிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் தட்டார். மதுரை ஓலைக்கடையத்தார் நல்வெள்ளையார் என்று ஒருவர். விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளைக் கடக்கும்போது இளவேட்டனாரையும், நகைக்கடைத் தெருவில் வெண்ணாகனாரையும் நினையுங்கள். சங்கம் என்றதும் நம் மனத்தில் அரண்மனையும் பட்டாடை உடுத்திய பெரியவர்களும் வந்து நிற்கிறார்கள். அந்தப் பெயர்ப்பட்டியல் காட்டுவதோ கடைவீதி. பகலில் கணக்குப் பார்த்து, துணி அளந்து, பொன் உருக்கியவர்கள் அகப்பாட்டும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு செய்திக்காகவே மதுரையில் இலக்கிய நடை கோயிலுக்குள் முடங்காமல் கடைத்தெருவிலும் நடக்கவேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் நடக்க முடிந்தால் நடங்கள். கடைகள் அடைக்கும் நேரம், இரவு இட்லிக் கடைகளில் ஆவி பறக்கும் நேரம். மதுரைக்காஞ்சியின் இரவில் ‘தீஞ்சேற்றுக் கூவியர் தூங்குவனர் உறங்க’ என்று ஓர் அடி வருகிறது. இனிப்புப் பாகோடு அப்பம் விற்ற வியாபாரிகள் கடையிலேயே உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறார்கள். அப்புறம் நூலேணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கள்வர்கள் வருகிறார்கள். அவர்களை மோப்பம் பிடிக்கும் ஊர்க்காவலர்கள், யானையை எதிர்பார்த்துப் பதுங்கும் புலியைப் போலக் காத்திருக்கிறார்கள். மழை கொட்டித் தெருவில் நீர் ஓடும் இரவிலும் அவர்கள் காவலுக்கு வரத் தவறுவதில்லை என்கிறார் புலவர். கல்லாப்பெட்டிமேல் தலையைச் சாய்த்துக் கண் அயர்ந்த ஒரு கடைக்காரரைப் பார்க்காமல் நீங்கள் விடுதிக்குத் திரும்ப மாட்டீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பரிபாடலில் மதுரையைத் தாமரைக்கு ஒப்பிடும் புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. ‘பூவின் இதழகத்து அனைய தெருவம் இதழகத்து அரும்பொகுட்டு அனைத்தே அண்ணல் கோயில்’. இதழ்கள் தெருக்கள், நடுவிலுள்ள பொகுட்டு கோயில், மகரந்தம் தமிழ்க் குடிகள், தேன் தேடி வரும் வண்டுகள் பரிசில் நாடி வருகிறவர்கள். வழிகாட்டிகள் இதைச் சொல்லிவிட்டு உடனே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகளைக் காட்டி ‘அதே தாமரை’ என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் கோயிலைச் சுற்றி இப்போது நாம் நடக்கிற இந்த வீதி அமைப்பு விசுவநாத நாயக்கர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், ஒழுங்குபடுத்தப்பட்டது. பாட்டு அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. ‘கோயில்’ என்று பாட்டு சொல்வதை அரசன் அரண்மனை என்று கொள்பவர்களும் உண்டு.

இன்னும் ஒரு படி மேலே போனால், சங்கப் பாட்டுகளில் கூடல் என்று வரும் மதுரை இதே இடத்தில்தான் இருந்ததா என்பதே ஆராய்ச்சியாளர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் பரங்குன்றத்தை ‘மாடமலி மறுகின் கூடல் குடவயின்’ என்கிறார். அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் ‘கொடிநுடங்கு மறுகின் கூடல் குடாஅது’ என்கிறார். இரண்டு புலவரும் பரங்குன்றம் கூடலுக்கு மேற்கே இருக்கிறது என்கிறார்கள். இன்றைய கோயிலிலிருந்து பார்த்தால் குன்றம் தென்மேற்கில் இருக்கிறது. தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் கீழடி. அங்கே 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வில் செங்கல் கட்டுமானங்களும், ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்ட பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அதனால் பழைய மதுரையைத் தேடுகிறவர்களின் பார்வை அந்தப் பக்கமும் போகிறது. இதையெல்லாம் உங்களைக் குழப்புவதற்காகச் சொல்லவில்லை. பாட்டைப் பாட்டாகவும் தெருவைத் தெருவாகவும் பார்த்தால் இரண்டும் தனித்தனியே அழகாக இருக்கின்றன. கட்டாயப்படுத்தி ஒட்டவேண்டிய அவசியம் இல்லை.

மறுநாள் விடியலில் கோயிலுக்குப் போங்கள். அதே பரிபாடல் பாட்டு எப்படி முடிகிறது தெரியுமா? வஞ்சியும் கோழியும் போல ‘கோழியின் எழாது எம் பேரூர் துயிலே’. சேரனின் வஞ்சியும் சோழனின் உறையூரும் சேவல் கூவி எழுகின்றன, எங்கள் ஊர் வேதம் ஓதும் குரல் கேட்டு எழுகிறது என்று பெருமை பேசுகிறார் புலவர். மதுரைக்காஞ்சியின் விடியலில் வேதமும் கேட்கிறது, யாழும் கேட்கிறது, ‘பொறிமயிர் வாரணம் வைகறை இயம்ப’ சேவலும் தாராளமாகக் கூவுகிறது. ஒரே ஊரைப் பற்றி இரண்டு புலவர்கள். ஒருவர் தம் ஊரின் பெருமைக்காகச் சேவலை விலக்கினார், மற்றவர் காதில் விழுந்ததையெல்லாம் எழுதிவிட்டார். நடந்து வருகிறவர்களிடம் உங்களுக்கு யார் பக்கம் என்று நான் கேட்பதுண்டு. நான் மருதனார் பக்கம்.

கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோக முடியாது. 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்ததிலிருந்து இந்தத் தடை இருக்கிறது. அதனால் பாட்டுகளைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். ஆளுக்கு ஒரு தாள். உண்மையில் இது நல்லதாகவே முடிகிறது. திரையைத் தடவிக்கொண்டிருக்கும் கைக்குக் காகிதம் கிடைத்தால் வாய் தானாகப் படிக்கத் தொடங்கும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

உள்ளே போனதும் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காருங்கள். குளத்தைச் சுற்றிய மண்டபச் சுவரில் திருக்குறள் பொறித்த பளிங்குப் பலகைகள் இருக்கும். குறள் அரங்கேறிய கதையும், சங்கப்பலகை கதையும், நக்கீரர் இந்தக் குளத்தில் விழுந்த கதையும் இங்கேதான் சொல்லப்படும். எல்லாக் கதைக்கும் முன்னால் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைப் படியுங்கள்.

கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற்று அரிவை கூந்தலின்
நறியவும் உளவோ நீஅறியும் பூவே

இறையனார் பாடியது என்று தொகை சொல்கிறது. ஒரு காதலன் வண்டைப் பார்த்துக் கேட்கிறான்: தேன் தேடியே வாழ்கிற உனக்குத் தெரியாத பூ இல்லை. என் மனம் குளிரவேண்டும் என்பதற்காகச் சொல்லாமல், கண்டதைச் சொல். இவள் கூந்தலைவிட மணக்கும் பூ உண்டா? அவ்வளவுதான். பாட்டில் தருமியும் இல்லை, பொற்கிழியும் இல்லை, பெண்கள் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற வழக்கும் இல்லை. அவையெல்லாம் திருவிளையாடல் தருகிற கதை. பரஞ்சோதி முனிவர் 64 விளையாடல்களாகப் பாடிய புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்தது ஒரு படலம். அதற்காக அதைப் பிற்காலக் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. திருநாவுக்கரசர் திருப்புத்தூர்த் தாண்டகத்தில் ‘நன்பாட்டுப் புலவனாய்ச் சங்கமேறி நற்கனகக் கிழி தருமிக்கு அருளினோன் காண்’ என்கிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே இந்தக் கதை பக்தர்கள் வாயில் இருந்திருக்கிறது. ஐந்தடிக் காதல் பாட்டு ஒன்றின் மேல் ஓர் ஊர் இவ்வளவு பெரிய வழக்கைக் கட்டி, கடவுளையே புலவனாக்கி, அவர் பாட்டிலும் குற்றம் கண்ட ஒருவரைக் கொண்டாடுகிறது. மதுரை தன் பாட்டை எப்படி மதித்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சுவாமி கோயில் பிராகாரத்தில் சங்கப் புலவர்களுக்கென்றே ஒரு சன்னதி இருக்கிறது. கடைச்சங்கத்தில் இருந்தவர்கள் 49 பேர் என்பது இறையனார் களவியல் உரை சொல்லும் கணக்கு. பலரும் வேகமாகக் கடந்துபோய்விடுகிற இடம் இது. கேட்டு, நின்று, பார்த்துவிட்டு வாருங்கள். சங்கம் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். மூன்று சங்கம் ஆயிரக்கணக்கான ஆண்டு நடந்ததாகச் சொல்லும் கணக்கை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. புலவர்கள் மதுரையில் கூடித் தமிழ் ஆய்ந்த நினைவு மட்டும் மிகப் பழையது. மதுரைக்காஞ்சியே ‘தொல்லாணை நல்லாசிரியர் புணர்கூட்டு’ என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. சிறுபாணாற்றுப்படை ‘தமிழ்நிலை பெற்ற தாங்கரு மரபின் மகிழ்நனை மறுகின் மதுரை’ என்கிறது. பத்தாம் நூற்றாண்டின் சின்னமனூர்ச் செப்பேடு பாண்டியர்கள் ‘மகாபாரதம் தமிழ்ப்படுத்தும் மதுராபுரிச் சங்கம் வைத்தும்’ புகழ்பெற்றதாகச் சொல்கிறது. இந்த மூன்றையும் சொன்னால் போதும்.

அம்மன் சன்னதிப் பக்கம் குமரகுருபரர். திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியபோது, அம்மனே சிறுமி வடிவில் வந்து அரசன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்கு அணிவித்தாள் என்பது ஐதீகம். வருகைப் பருவத்துப் பாட்டு ‘தொடுக்கும் கடவுள் பழம்பாடல் தொடையின் பயனே’ என்று தொடங்கி ‘நறைபழுத்த துறைத்தீந் தமிழின் ஒழுகுநறுஞ் சுவையே’ என்று போகும். முதல் முறை படிக்கும்போது பொருள் முழுவதும் பிடிபடாது. கவலைப்படாமல் சத்தமாகப் படியுங்கள். தளர்நடை பயிலும் குழந்தையை வா வா என்று கூப்பிடுகிற தாளம் அதில் இருக்கிறது. உங்களோடு சிறு குழந்தைகள் வந்தால் அவர்கள் நடைக்கும் அதற்கும் பொருந்திப்போகும். சம்பந்தர் இதே ஆலவாயில் பாடிய ‘மந்திரமாவது நீறு’ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். இந்த நடையில் வழிகாட்டி வாய்மூடிக் கேட்கவேண்டிய இடம் அது.

பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் கூடலழகர் கோயில். பாண்டியன் அவையில் பொற்கிழி வென்று யானைமேல் ஊர்வலம் வந்த பெரியாழ்வார், வானத்தில் பெருமாளைக் கண்டு, அவருக்குக் கண்பட்டுவிடுமோ என்று பதறிப் பல்லாண்டு பாடியது இங்கே என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். ‘பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு’ எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடவுளையே வாழ்த்திக் காப்பிடுகிற அந்தப் பதற்றத்தை நினைத்துக்கொண்டு சொன்னால் புதிதாகக் கேட்கும். நேரம் இல்லாவிட்டால் விட்டுவிடக்கூடியது என்று உங்கள் இரண்டு நாள் பயணத்தில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், மனமில்லாமல் மஹாலைத்தான் சொல்வேன், கூடலழகரைச் சொல்ல மாட்டேன்.

வழிகாட்டியைப் பற்றி. கோயில் வாசலில் கிடைப்பவர்கள் பெரும்பாலும் சிற்பமும் தலவரலாறும் நன்றாகச் சொல்வார்கள். பாட்டு சொல்ல எல்லோராலும் முடியாது. பேசி முடிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மதுரையைப் பற்றி உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைச் சொல்ல முடியுமா? நாலு வரியாவது தடங்கலில்லாமல் சொல்கிறவரை வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது இது பாட்டில் இருக்கிறதா, புராணத்தில் இருக்கிறதா, கல்வெட்டில் இருக்கிறதா என்று அவ்வப்போது கேளுங்கள். நல்ல வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். அவருக்கு ஓய்வு கொடுத்து உங்களில் ஒருவர் படிக்கவும் வேண்டும். உள்ளூர்க் கல்லூரித் தமிழ்த்துறையில் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு முதுகலை மாணவரைக் கூட அழைத்துக்கொள்வது இன்னும் நல்லது. சித்திரையில் வந்தால் இந்தத் திட்டத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு, அழகர் வருகிற இரவில் அவர் தங்கிப்போகும் மண்டகப்படிகளில் அவர் கதையை வர்ணிப்பாகப் பாடுகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். எழுத்தில் படித்ததெல்லாம் ஒரு பக்கம், அந்த வாய்ப்பாட்டு ஒரு பக்கம்.

இரண்டாம் நாள் பிற்பகலில் நேரம் மிஞ்சினால் திருப்பரங்குன்றம் போகலாம். பரிபாடலின் 19-ஆம் பாட்டில் குன்றத்துக்கு வந்த கூட்டம் அங்கிருந்த ஓவியங்களைப் பார்த்து ‘இவள் இரதி, இவன் காமன், இவள் அகலிகை’ என்று ஒருவருக்கொருவர் கேட்டும் சொல்லியும் நிற்கிறது. வழிகாட்டியோடு ஓர் இடத்தைச் சுற்றிப் பார்க்கிற மனிதர்கள் தமிழில் தோன்றுகிற மிகப் பழைய காட்சிகளில் அதுவும் ஒன்று. மூன்றாவது நாள் கிடைக்குமானால் மாங்குளம் மலைக்கு என் ஓட்டு. அங்கே குகைத்தளத்தில் தமிழியில் வெட்டிய கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பெயர் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது என்பதால் அது மருதனார் பாடிய அரசனுக்கும் மூத்த ஒருவனாக இருக்கவேண்டும். மலையேறும் வழி கரடுமுரடு, நிழல் குறைவு. விடியலில் கிளம்புங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், முழங்கால் வலி உள்ளவர்களை அடிவாரத்தில் உட்காரவைத்துவிட்டுப் போங்கள்.